ஈரலில் கோபம்

பஞ்சர் கடையா? நேராப் போங்க சார். கொடிக்கம்பம் தாண்டுனதும் வலது பக்கம் பழைய டயர் ஒண்ணு தொங்கும், அதான். இந்நேரம் ஆள் இருப்பான்.

என்னது? வண்டி பஞ்சர் இல்லையா? அக்குபஞ்சரா?

அடடே. அங்கயா போறீங்க?

உக்காருங்க சார் மொதல்ல. அந்தச் சேர இழுத்துப் போடுங்க. ஒரு கால் ஆடும், செவுத்துப் பக்கமாச் சாச்சுக்குங்க. கறி வாங்கணும்னு இல்ல, சும்மா உக்காருங்க. அஞ்சு நிமிசம் நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் போறதும் போகாததும் உங்க இஷ்டம். சன்னாசி கடையத் தாண்டிப் போயி ஒரு மனுசன் மாட்டுனான், சன்னாசி பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தான்னு நாளைக்குப் பேச்சு வந்துறக் கூடாது பாருங்க.

முழங்கைதான? நான் பாத்ததுமே கண்டுக்கிட்டேன். பேச வந்தவரு பைய இடது கைக்கு மாத்துனீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு. வலது முழங்கை, வெளிப்பக்கம், இந்த எலும்பு முண்டிக்கிட்டு நிக்குது பாருங்க, இங்கன. தம்ளரத் தூக்குனா சுருக்குங்கும். ஈரத்துணியப் பிழிய முடியாது. என்ன வேல பாக்குறீங்க? வாத்தியாரா? போர்டுல எழுதுறதா? சரிதான். நீங்க எழுதி வாங்கிக்கிட்டீங்க, நான் வெட்டி வாங்கிக்கிட்டேன்.

இருபத்தாறு வருசம் சார். இந்தா, இந்தக் கட்டை. புளியங்கட்டை. நான் கடை போட்ட அன்னைக்கு என் இடுப்புக்கு இருந்துச்சு, வெட்டி வெட்டி, சுரண்டிச் சுரண்டி இப்பத் தொடைக்கு வந்துருச்சு. வத்தலக்குண்டுல எந்தக் கல்யாண வீட்டுலயும் போயிக் கேளுங்க, சன்னாசி வெட்டுனா எப்படி வெட்டுவான்னு. நான் வெட்டுறது பஸ் ஸ்டாண்டுல கேக்கும். கத்திய ஓங்குனா ஒரே போடு, நல்லி ரெண்டாப் போயிரும். ரெண்டாவது வெட்டுங்கிறது கிடையாது. இப்ப அந்தக் கட்டைல நிக்கிறது யாருன்னு பாக்குறீங்கள்ல? அது எங்க வீட்டுல. பஞ்சவர்ணம். அவ நின்ன எடத்துல, தராசுக்கிட்ட, நான் நிக்கிறேன். இந்த நெலமைக்கு என்னைக் கொண்டாந்து விட்டது யாருங்கிறீங்க? நீங்க எந்த அம்மாவத் தேடிக்கிட்டுப் போறீங்களோ அந்த அம்மா.

கொஞ்சம் மெதுவாவே பேசுவோம். நான் வெட்டுனா இடி விழுந்தாலும் பக்கத்துல கேக்காது. இவ வெட்டுறதுல சத்தமே வராது, அதனால எல்லாம் கேக்கும்.

போன வருசம் ஆடி மாசம் சார். கெடா வெட்டு சீசன். நாளைக்குப் பத்து, பன்னெண்டு உருப்படி வெட்டுறேன். ஒரு நாள் கத்திய ஓங்குறேன், எறக்குறேன், முழங்கை முட்டில ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. கத்தி வழுக்கிக் கீழ விழுந்துருச்சு. கால் பெருவெரல் தப்பிச்சது சாமி புண்ணியம். நானும் தைலம் தேச்சேன், சுடு தண்ணி ஊத்துனேன், நல்லெண்ணெயில பூண்டப் போட்டுக் காச்சி இவ தேச்சுவிட்டா. ஒண்ணும் கேக்கல. சரின்னு இங்கிலீஷ் டாக்டர்கிட்டப் போனேன். அவரு கையப் புடிச்சு இப்படி மடக்கி, அப்படித் திருப்பி, நான் ஐயோங்குறேன், அவரு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, "இது டென்னிஸ் எல்போ."

சார், நான் டென்னிஸ் மட்டையத் தொட்டது கிடையாது. அந்தப் பந்து என்ன நெறம்னு தெரியாது எனக்கு. சொன்னேன், டாக்டர், நான் கறிக்கடை வச்சிருக்கேன், நமக்கு இந்த வெளாட்டெல்லாம் பழக்கமில்லன்னு. அவரு பேருதான் அப்படிங்குறாரு. என்ன பேரு? வெட்டுறவனுக்கு வந்தா வெட்டுக்கை வலின்னு வைங்க. நோகுறது எனக்கு, பேரு டென்னிஸ்காரனுக்கா? சீட்டுல அப்படியே எழுதிக் குடுத்துட்டாரு. மருந்துக் கடைக்காரன் அத வாசிச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிப்புட்டான். மக்கா நாள் வாரவன் போறவன்லாம் கேக்குறாய்ங்க, "என்ன சன்னாசி, டென்னிஸ் ஆடுறியாமே, எந்த கிரவுண்டு?" ஒருத்தன் ட்ரவுசர் போட்டுத்தான் ஆடணுமாமேங்குறான். அவனுக்கு அன்னைக்கு முழுக்கக் கழுத்தெலும்பாப் போட்டு அனுப்பிச்சேன்.

அந்த டாக்டர் முட்டிக்குள்ளயே ஒரு ஊசி போடணும்னாரு. நான் யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். பயமெல்லாம் இல்ல சார். ரத்தத்துலயே நிக்கிற ஆளு நான், எனக்கென்ன ஊசி பயம்? தேவையில்லாம உடம்புல ஓட்டை போட வேணாம்னு ஒரு எண்ணம், அம்புட்டுதான்.

அப்பத்தான் இவ எங்கயோ விசாரிச்சுட்டு வந்தா. "ஏங்க, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல மாடில ஒரு அம்மா அக்கு வைத்தியம் பாக்குதாம். மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது, கைய வச்சே சரி பண்ணிருதாம்"னு. எனக்கு இந்த அக்குபிரஷர் தெரியும். பொருட்காட்சில முள்ளு முள்ளாச் செருப்பு விப்பாய்ங்கள்ல, அது. அமுக்கி விடுறது. சரி, அமுக்கத்தான போறாகன்னு இவளையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். பிரஷர் வேற, பஞ்சர் வேறன்னு எனக்கு யாருமே சொல்லல சார். பஞ்சர்னா ஓட்டை போடுறதுன்னு போர்டப் பாத்தப்பயாவது எனக்கு ஒறச்சிருக்கணும். ஒறைக்கல.

மாடி ஏறுனா செவுரு பூராச் சீன எழுத்து. ஒரு ஆளு அம்மணமா நிக்கிற படம், உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் கோடு, கோடு மேல புள்ளி. சீனாவுல இருந்து வந்த வைத்தியமாம், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனதாம். நானும் சீனாக்கார அம்மா இருக்கும்போலன்னு கும்பிடுறதா குனியுறதான்னு தெரியாம நின்னா, உள்ள இருந்து ஒரு பொம்பள வருது. நம்மூரு மொகம். சௌடேஸ்வரின்னு பேராம். சீனாவும் இல்ல ஒண்ணும் இல்ல சார், சின்னாளபட்டி. அவுக அப்பாரு அங்க தறி ஓட்டுனவராம். கேட்டா, படிச்ச படிப்பு சீனப் படிப்புங்குது.

ஏய்! ஏய் தம்பி! வண்டியக் கடை வாசல்லயா நிறுத்துவ? அங்கிட்டுக் கொண்டு போ! கண்ணு எங்க இருக்கு? போடா!

காலைல இருந்து இதே எழவு. சரி, என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். அந்தம்மா என் கையப் பாக்கல சார். முழங்கை நோகுதுன்னு நீட்டுறேன், அத அப்படியே ஓரமா வச்சுட்டு மணிக்கட்டுல மூணு வெரல வச்சு நாடி பாக்குது. இந்தக் கை, அந்தக் கை, மறுபடி இந்தக் கை. நாக்க நீட்டுங்கங்குது. நீட்டுனேன். அப்புறம் கேக்குது, "ஐயா, யார் மேல கோபம்?"

எனக்கு யார் மேல கோபம்? எனக்குக் கோபமே வராது சார். இவகிட்டயே கேட்டுப் பாருங்க. வேணாம், கேக்காதீங்க, வேலையா இருக்கா. நான் சொன்னேன், எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாதும்மான்னு. அதுக்கு அந்தம்மா சொல்லுது, "உங்க ஈரல்ல கோபம் தேங்கி நிக்குது. அதான் நரம்பு முறுக்கிக்கிட்டுக் கையில வந்து எறங்கியிருக்கு."

நல்லாக் கேட்டுக்குங்க. ஈரல்ல. யாருகிட்டச் சொல்லுது? எங்கிட்ட.

இருபத்தாறு வருசமா ஈரல் எடுக்குறேன் சார் நான். ஒரு நாளைக்கு எட்டு ஈரல், பத்து ஈரல். வெள்ளாட்டு ஈரல், செம்மறி ஈரல், புள்ளத்தாச்சிக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போற இளங்குட்டி ஈரல். குறுக்க வெட்டியிருக்கேன், நெடுக்க வெட்டியிருக்கேன். பித்தப்பை இருக்கும், கொழாய் இருக்கும், ரத்தம் இருக்கும். ஒண்ணுலயாவது கோபத்தப் பாத்திருக்கேனா? பாத்திருந்தா எடுத்துத் தனியா எடை போட்டிருக்க மாட்டேனா? அத நான் அந்தம்மாகிட்டக் கேட்டேன். சிரிக்குது. சிரிச்சுட்டு மேல மேலச் சொல்லிக்கிட்டே போகுது. பயம் சிறுநீரகத்துல, அதான் நம்ம குண்டிக்காயில இருக்காம். துக்கம் நுரையீரல்ல இருக்காம். கவலை மண்ணீரல்ல இருக்காம். மண்ணீரல்னா தெரியுதுல்ல? நாம சுவரொட்டிம்போம். ரத்தமில்லாதவுகளுக்குச் சுட்டுக் குடுப்பாக. அதுல கவலை இருக்குன்னா, அத வாங்கிட்டுப் போறவுக வீட்டுல எல்லாம் எழவு விழுந்த மாதிரில்ல உக்காந்திருக்கணும்? தெம்பாத்தான வந்து இன்னொண்ணு கேக்குறாக!

இவ சிரிச்சுட்டா சார். நான் இம்புட்டு நியாயம் பேசுறேன், எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இவ முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

அப்புறம்தான் அந்தம்மா ஒரு டப்பாவத் தொறந்துச்சு. பாத்தா ஊசி! தலைமுடி தண்டிதான், ஆனா ஊசி ஊசிதான? நான் என்னம்மா இதுன்னு கேக்குறதுக்குள்ள என் இடது கால் வேட்டிய முட்டி வரைக்கும் வழிச்சு, முட்டிக்குக் கீழ தடவிப் பாக்குது. சார், நோகுறது வலது கை. குத்த வர்றது இடது கால். கை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு? நான் சொன்னேன், தாயி, நல்லாப் பாரும்மா, இது காலுன்னு. "தெரியும் ஐயா, எதுத்த பக்கத்துல குத்துனாத்தான் அந்தப் பக்கம் எளகும்"னு சொல்லிக்கிட்டே குத்திருச்சு.

நான் கண்ண மூடுனேன். அம்புட்டுதான். மயக்கம்னு இவ ஊரெல்லாம் சொல்றா, அதெல்லாம் இல்ல. காலைல வெறும் வயித்தோட போயிட்டேன், அதனால கண்ண மூடுனேன். தொறக்குறப்போ நான் தரையில கெடக்கேன். இவ என் உள்ளங்காலப் பரபரன்னு தேய்க்கிறா. அந்தம்மா மூக்குக்குக் கீழ வெரல வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கு. காத்திருந்த சனம் அம்புட்டும் வாசல்ல நின்னு எட்டிப் பாக்குது. அதுல ஒருத்தன் சொல்றான், "ஆடு வெட்டுறவருல்ல இவரு?"

அந்த ஒரு வார்த்தை சார். அந்த ஒரு வார்த்தைக்கே அந்தக் கடைய இழுத்து மூடியிருக்கணும்.

அதுக்கப்புறம் இவ செஞ்சதக் கேளுங்க. சேர்ல உக்காந்து கைய நீட்டுறா. "அம்மா, எனக்கு ஒண்ணு குத்துங்க, அவரு பாக்கட்டும்." அந்தம்மாவும் பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல ஒண்ணு குத்துச்சு. இவ மொகம் சுளிக்கல. ஊசியோட கைய ஆட்டி ஆட்டி எங்கிட்டக் காட்டுறா, புது வளையலக் காட்டுற மாதிரி. "பாத்தீங்களா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல." பொண்டாட்டி குத்திக்கிட்டு உக்காந்திருக்கா, வாசல்ல ஊரே நிக்குது. நான் என்ன பண்ண முடியும்? குத்தும்மான்னு படுத்துட்டேன். செவுத்துப் பக்கமா மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான். இல்ல, அந்தப் படத்த நல்லாப் பாப்போம்னு திரும்புனேன்.

பன்னெண்டு தடவ போனேன் சார். கையில, கால்ல, காதுலகூட. ஒரு நாள் சுருட்டு மாதிரி ஏதோ பச்சிலையச் சுருட்டிக் கொளுத்தி, கை முட்டிக்குப் பக்கத்துல காட்டிக்கிட்டே உக்காந்திருச்சு. நான் தலைக்கறி வாட்டுறதப் பாத்திருக்கேன், கால் வாட்டுறதப் பாத்திருக்கேன், உசுரோட ஒரு மனுசன் முட்டிய வாட்டுறத அன்னைக்குத்தான் பாத்தேன். இதுல பத்தியம் வேற. டீ கூடாது. பசிச்சாத்தான் திங்கணும். எனக்கு டீ இல்லாமக் கோபம் வந்துச்சுன்னா அதுக்கும் ஈரல் மேலதான் பழியப் போடுறது.

எல்லாத்தயும் பொறுத்துக்கிட்டேன். ஒண்ண மட்டும்தான் பொறுக்க முடியல. நாப்பது நாளைக்குக் கத்தியத் தொடக் கூடாதுன்னுருச்சு. நாப்பது நாளு. நாப்பது நாளு நான் கத்தியத் தொடலன்னா கடைய யாரு பாக்குறது? கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சேன். ரெண்டு நாள் வந்தான். குடிச்சுட்டு வந்து தொடைய வெட்டுறான், கட்டைய வெட்டுறான், ரெண்டுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியல. மூணாம் நாள் வெரட்டி விட்டேன். வாசல்ல கூட்டம் நிக்குது. ஞாயித்துக்கெழம. இவ தராச வச்சுட்டு எந்திரிச்சு வந்தா. முந்தானைய இடுப்புல சொருகுனா. சின்னக் கத்தியா ஒண்ண எடுத்தா. நான் ஏய், ஏய்ங்குறேன். தொடைய இழுத்துக் கட்டைல போட்டா.

அந்தா பாருங்க, இப்ப வெட்டுறா பாருங்க. இது வெட்டா? நீங்களே சொல்லுங்க. ஓங்கவே மாட்டேங்குறா. வெரல வச்சுத் தடவிப் பாக்குறா, மூட்டு எங்க இருக்குன்னு தேடுறா, கத்தி மொனைய உள்ள விட்டு ஒரு திருகு. பொத்துன்னு கழண்டுருது. தைக்கிற வேலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வெட்டுன்னா ஒரு சத்தம் வேணாமா? வாங்க வந்தவனுக்கு வாங்குன மாதிரி இருக்க வேணாமா? ஆனா சனத்துக்குப் புத்தி எங்க போச்சுங்குறேன். ஒரு வாரம் ஆகல, வந்து சொல்றாக, "சன்னாசி, இப்பல்லாம் கொழம்புல எலும்புச் சில்லே இல்லப்பா." ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர் அம்மா ஒண்ணு, பல்செட்டு கட்டுனது, அது சொல்லுது, "பதினைஞ்சு வருசமா ஒங்கிட்ட வாங்குறேன், இப்பத்தான் பயமில்லாம மெல்லுறேன்." ஏன், அந்தப் பதினைஞ்சு வருசமும் வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? சில்லு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்து வெட்டியிருக்க மாட்டேனா?

இந்தா, தர்றேன் தர்றேன், அவசரப்படாதீங்க. முக்கால் கிலோதான? பிடிங்க.

நாப்பது நாளு முடிஞ்சுச்சு. நாப்பத்தொண்ணாம் நாளு ஞாயித்துக்கெழம. காலைல எந்திரிக்கிறேன், கைய மடக்குறேன், நீட்டுறேன், ஈரத்துண்டப் பிழியுறேன். ஒண்ணுமே இல்ல. பொய் சொல்ல மாட்டேன் சார், அந்த நிமிசத்துல அந்தம்மா இருக்குற தெசையப் பாத்துக் கும்பிட்டிருப்பேன். கடையத் தொறந்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு, என் பெரிய கத்திய எடுத்துத் தீட்டுனேன். இவ பாத்தா. ஒதுங்கிக்கிட்டா. குண்டானக் கழுவப் போறேன்னு கொழாயடிக்குப் போயிட்டா. நான் கட்டைல நின்னேன். நாப்பது நாளைக்கு அப்புறம் என் கட்டை. ஒரு போடு போட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சார்.

அப்ப அந்த போஸ்ட் மாஸ்டர் அம்மா வருது. அரைக் கிலோங்குது. நான் கத்திய ஓங்குறேன். "ஏம்ப்பா சன்னாசி, பஞ்சவர்ணம் எங்க?" கொழாயடிலன்னேன். "சரி, வரட்டும். நான் நிக்கிறேன்." பின்னால ஒருத்தன், "எனக்கும் அக்காவே போடட்டும்ணே." அதுக்குப் பின்னால இன்னொருத்தன் பைய மடிச்சு இடுக்கிக்கிட்டு நிக்கிறான். ஏழு பேரு சார். எண்ணுனேன். நான் ஓங்குன கத்தியோட நிக்கிறேன், ஏழு பேரும் என்னையப் பாக்கல, ஆட்டப் பாக்கல, கொழாயடியப் பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க.

அப்பத்தான் வலி வந்துச்சு.

சுருக்குன்னு வந்துச்சு சார். ஐயோன்னு கத்துனேன், கத்தி கீழ விழுந்துருச்சு. இவ கொழாய மூடாமக்கூட ஓடியாந்தா. எம் மொகத்தப் பாத்தா. அந்த ஏழு பேரப் பாத்தா. மறுபடியும் எம் மொகத்தப் பாத்தா. "ரொம்ப வலிக்குதா?"ன்னா. ஆமான்னேன். "சரி, நீங்க தராசுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டுக் கத்திய எடுத்துக்கிட்டா. அன்னைக்குப் போனது. ஏழு மாசம் ஆச்சு.

விட்டேனா நான்? மக்கா நாள் மாடி ஏறிப் போனேன். ஆளுக உக்காந்திருக்காக, அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி கேட்டேன். ரெண்டாயிரம் வருசத்து வைத்தியமாம், நாப்பத்தொரு நாளு தாங்கலன்னு. அந்தம்மா மணிக்கட்டப் புடிச்சு மூணு வெரல வச்சுச்சு. ரொம்ப நேரம் வச்சுருந்துச்சு. அப்புறம் மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லுச்சு, "ஐயா, கையில ஒண்ணும் இல்ல. கை சுத்தமா இருக்கு. கோபம்தான் அங்கயே இருக்கு. அத எடுக்குற ஊசி எங்கிட்ட இல்ல." எப்படிப் பேச்சு பாத்தீங்களா? தெரியாத வைத்தியத்தப் பண்ணிப்புட்டு, மிச்சத்தத் தூக்கி என் ஈரல்ல போடுறது! அன்னையில இருந்து இந்த வழியா அங்க போற ஆளு யாரா இருந்தாலும் நிறுத்திச் சொல்லி அனுப்புறேன். இதுவரைக்கும் பதினோரு பேரத் திருப்பி விட்டுருக்கேன். நீங்க பன்னெண்டாவது ஆளு. எனக்குப் பன்னெண்டு தடவ குத்துச்சுல்ல, கணக்குச் சரியாப் போச்சு.

என்ன புள்ள? தொடையா? எந்தத் தொடை, உள்ள தொங்குறதா? இரு, எடுத்தாரேன். நீங்க உக்காருங்க சார், இந்தா வந்துட்டேன்.

இந்தா. பிடி. அஞ்சு கிலோ வரும்போல, நல்ல கெடா.

ம். எங்க விட்டேன்? பன்னெண்டாவது ஆளு நீங்க. என்ன சார்? ஏன் அப்படிப் பாக்குறீங்க? எங் கையவா?

ஓ.

சார். இங்க வாங்க, சேரக் கொஞ்சம் கிட்டத்துல போடுங்க. வெளியூருதான நீங்க? சரி, வெளியூருன்னா பரவால்ல. ஆமா. வலது கையாலதான் எடுத்தேன். தலைக்கு மேல கொக்கியில இருந்து, அஞ்சு கிலோவ, ஒரே கையால. வலிக்கல. அன்னைக்கும் வலிக்கல. அந்த ஏழு பேரும் கொழாயடியப் பாத்துக்கிட்டு நின்னப்போ முட்டியில ஒண்ணுமே இல்ல சார். வேற எங்கயோதான் சுருக்குன்னுச்சு. எங்கன்னு எனக்குத் தெரியல. கத்திய எறக்கவும் முடியல, ஓங்கிக்கிட்டே நிக்கவும் முடியல. என்ன பண்ணச் சொல்றீங்க? ஐயோன்னு கத்துனேன். கை வலின்னா மனுசன் கௌரவமாத் தராசுக்குப் போயிரலாம். கையும் நல்லா இருந்து கட்டையும் இல்லன்னா, எங்க போயி நிக்கிறது?

இதுல எனக்கு ஒரே ஒரு நிம்மதி சார், இவளுக்குத் தெரியாது. வெள்ளந்தி. தெனமும் காலைல முழங்கைக்கு இறுக்குற பட்டைய அவளே மாட்டி விடுறா. வலிக்குத் தேய்க்க நல்ல எண்ணெய் எங்கயும் கிடைக்கலன்னு ஆயக்குடி வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தா. ஒரு நாள் அவசரத்துல நானே பட்டைய மாட்டிக்கிட்டு வந்து நின்னுட்டேன், இடது கையில. சுத்தமாக் கவனிக்கல நான். கூட்டம் வேற. இவ வெட்டிக்கிட்டு இருந்தவ கத்தியக் கீழ வச்சுட்டு, கையத் தொடச்சுட்டு வந்தா. இடது கையில இருந்து கழட்டி, வலது கையில மாட்டி, இறுக்கமா இருக்கா பாத்துட்டு, திரும்பப் போயி வெட்ட ஆரம்பிச்சுட்டா. யாரும் பாக்கல. அம்புட்டு நம்பிக்கை சார் அவளுக்கு, எனக்கு வலிக்குதுன்னு.

என்ன? என்ன புள்ள சொல்ற?

"அந்த சார விடுங்க, பன்னெண்டரைக்கு அந்தம்மா கதவச் சாத்திரும். ஐயா, நீங்க போங்க, பெட்ரோல் பங்குக்கு எதுத்த மாடிப்படி, செருப்ப மேல விடுங்க, கீழ விட்டா நாய் தூக்கிரும். ஏங்க, பட்டையக் கொக்கியிலயே மாட்டி வச்சுட்டு வந்துட்டீங்க. அத மாட்டிக்கிட்டு நில்லுங்க, போஸ்ட் மாஸ்டர் அம்மா தெரு முக்குல வருது."

பாத்தீங்களா சார்? எம் மேல எம்புட்டு அக்கறை. ஒண்ணுமே தெரியாது அவளுக்கு, பாவம்.

சரி, எந்திரிங்க. போகணும்னு வந்துட்டீங்க, போங்க. கை சரியாயிரும், அதுக்கு நான் ஜவாப்தாரி. அதான் அந்தம்மாகிட்ட இருக்குற பிரச்சினையே. மொத நாள் சாப்புட்டுப் போங்க, வெறும் வயித்தோட போகாதீங்க. காலப் பாக்காதீங்க, செவுத்துல படத்தப் பாருங்க. நான் அனுப்பிச்சேன்னு மட்டும் சொல்லிராதீங்க.

இன்னொண்ணு சார். கோபத்துக்கு ஈரல் சொல்லுச்சு, கவலைக்குச் சுவரொட்டி சொல்லுச்சு, பயத்துக்குக் குண்டிக்காய் சொல்லுச்சு. வெக்கம் எங்க இருக்குன்னு அந்தம்மா சொல்லவே இல்ல. ஒரு முழு ஆட்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன், எனக்கும் எங்கன்னு தெரியல. நீங்க வாத்தியாரு, கேட்டா உங்களுக்குச் சொல்லும். கேட்டுட்டு, திரும்பி வர்றப்போ ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க. நான் எங்கயும் போக மாட்டேன். இங்கதான் நிப்பேன், தராசுக்கிட்ட.